படுவான்கரையில் காணி தேடும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கச்சிமாரே,

குளத்தடியில் ஒரு ஏக்கர், ஒரு மண்வீடு, இரண்டு மாடு, சொந்த அரிசி. இந்தக் கணக்கோடு கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் மட்டக்களப்பு ரவுனிலிருந்தும் பாலம் கடந்து, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு வருகிறவர்களுக்கு இதை எழுதுகிறோம். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கங்களிலும், தெற்கே சம்மாந்துறை, சாகாமம் வட்டைகளிலும் (வட்டை என்றால் ஒன்றாகக் கிடக்கிற வயற்தொகுதி) வேளாண்மை செய்கிறவர்கள் நாங்கள். உங்களைத் திருப்பி அனுப்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கட்டாருக்கும் கொழும்புக்கும் போய்விட்ட ஊர்களில் இளம் கை ஒன்று மண்வெட்டி பிடிக்க வருவதை யார் வேண்டாம் என்பார்கள்?

கேட்பது ஒன்றுதான். இப்போதைக்குக் காணி வாங்காதீர்கள். ஒரு முழு வருடம், ஒரு மாரியும் ஒரு கச்சானும் (மேல்காற்று அடிக்கிற வறண்ட காலம்), யாராவது ஒருவருடைய வயலில் குத்தகைக்கோ கூட்டுக்கோ நின்று பாருங்கள். இங்கே தண்ணீர், விதைப்பு, மாடு, வேலி எல்லாமே வட்டை முழுவதும் கூடி எடுக்கிற முடிவு. அந்த வட்டைக்குள் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்று தெரியாமல் காணி உறுதி எழுதினால், கையில் மிஞ்சுவது காணி மட்டும்தான்.

தரகர்மார் காணி காட்டுவது பெரும்பாலும் தை, மாசியில். வாய்க்கால் நிறையத் தண்ணீர், கண் எட்டும் தூரம் பச்சை, கொக்குக் கூட்டம், படம் எடுக்க நல்ல வெயில். அந்த நேரத்தில் படுவான்கரையில் எந்தக் காணியும் அழகுதான். நீங்கள் ஓகஸ்டில் வாருங்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடித்து, வரம்பெல்லாம் வெடித்து, மாடு நிழல் தேடி நிற்கிற நேரத்தில் வந்து கிணற்றைப் பாருங்கள். (கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும்தான், வறுத்த கடலையும்தான். குழம்ப வேண்டாம்.)

கிணற்றைப் பார்க்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

எட்டடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி உயரத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1,400 லீற்றர். கச்சான் காலத்தில் மரக்கறித் தோட்டம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆழத் தண்ணீர் வேண்டும். அரைக்கால் ஏக்கர், அதாவது 20 பேர்ச் தோட்டத்துக்கு அது 2,500 லீற்றர். ஆகவே அந்தக் கிணறு ஒரு நாளில் இரண்டடியாவது ஊற வேண்டும். ஒரு கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, காலையில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பம்ப் வைத்து நாலடி இறைத்துவிட்டு அடுத்த நாள் அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டடிக்கு மேல் ஏறியிருந்தால் தோட்டம் செய்யலாம். ஓரடி என்றால் வீட்டுப் பாவனையும் கத்தரி, மிளகாய் என்று ஒரு நாற்பது ஐம்பது கன்றும். அதற்கும் குறைவென்றால், ஓகஸ்டில் பிரதேச சபைத் தண்ணீர்ப் பவுசருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற வாழ்க்கைதான். அடி மட்டும் வற்ற இறைத்துச் சோதிக்க வேண்டாம். கட்டுக் கட்டாத கிணறு என்றால் ஒரு பக்கம் இடிந்து விழும்.

தண்ணீரின் குணத்தையும் பாருங்கள். வாவிக்கு அண்மையில் உள்ள கிணறுகள் மாரியில் இனிப்பாக இருந்துவிட்டுக் கச்சானில் உவர்க்கும். நாக்கில் வைத்தால் தெரியும், சவர்க்காரம் நுரைக்காது. உள்ளே போகப் போகச் சில இடங்களில் இரும்பு கூடிய தண்ணீர் வரும். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. பால் விடாத தேயிலைச் சாயத்தை அந்தத் தண்ணீரில் ஊற்றுங்கள், இரும்பு கூடுதலாக இருந்தால் சாயம் மை போலக் கறுத்துவிடும். குடிக்கிற தண்ணீர் என்று முடிவெடுக்க முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்துப் பரிசோதிப்பது வேறு, அதையும் செய்யுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் மழைத்தண்ணீரைப் பிடிக்கலாம். 500 சதுர அடிக் கூரையில் 1 மில்லிமீற்றர் மழைக்கு 46 லீற்றர் விழும். கார்த்திகை, மார்கழியில் ஒரு நாள் 50 மில்லிமீற்றர் கொட்டினால், சிந்தினது சிதறினது போக 1,800 லீற்றர் பிடிக்கலாம். அப்படி மூன்று நாள் போதும், 5,000 லீற்றர்த் தாங்கி நிரம்ப. இருவர் நாளுக்கு 20 லீற்றர் எடுத்தால் அது 250 நாளுக்கு வரும். ஆனால் முதல் மழையின் 50 லீற்றரைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே திருப்ப வேண்டும். கச்சான் காலம் முழுக்கக் கூரையில் படிந்த தூசி, குருவி எச்சம் எல்லாம் அதில்தான் வரும். மூடிக்கு நுளம்புவலை கட்டாயம். இன்னொன்று: கிடுகுக் கூரையிலிருந்து குடிதண்ணீர் பிடிக்க முடியாது, கஷாய நிறத்தில்தான் இறங்கும். ஓலை வீடும் வேண்டும், மழைநீரும் வேண்டும் என்றால் குசினிக்கு மேலாவது ஓடோ தகரமோ போட வேண்டும்.

இனிக் காணிக் கடதாசி. படுவான்கரையிலும் அம்பாறை உட்பகுதியிலும் பெரும்பங்கு காணி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரத்தை, நாங்கள் "பேர்மிற்" என்கிறதை, வைத்திருப்பவர் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. முத்திரை ஒட்டிய கடதாசியில் இரண்டு சாட்சி வைத்து எழுதிக் காசைக் கொடுத்தால், நாளைக்கு அவருடைய பிள்ளைகள் வந்து கேட்கும்போது உங்கள் கையில் இருப்பது வெறும் கடதாசி. உறுதிக் காணி, அதாவது தனியார் காணி, என்றால் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். யாருடைய பெயர் என்பதைக் கூர்ந்து பாருங்கள். எங்கள் பக்கம் வீடும் வளவும் வழக்கமாகப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. ஐயா நடந்து நடந்து எல்லை காட்டுவார், உறுதியில் அம்மாவின் பெயரோ மகளின் பெயரோ இருக்கும். பெயருக்குரிய அந்தப் பெண் திண்ணையில் வந்து இருந்து வாய்விட்டுச் சம்மதம் சொல்லும் வரைக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள்.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, கடைசியாக 2006, 2007 இலும் ஊரே எழும்பிப் போய், திரும்பி வராதவர்களின் வளவுகளும் இருக்கின்றன. பற்றை மூடிய காணி எல்லாம் சொந்தக்காரன் இல்லாத காணி என்று எண்ண வேண்டாம். பக்கத்து வளவு ஆச்சியிடம் கேட்டால் மரம் மரமாக யார் நட்டது என்று சொல்வா. வன இலாகாவின் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்பதையும் கிராம சேவகரோடு போய் நேரில் பார்க்க வேண்டும். வயற்காணி வாங்கி அதில் மண் போட்டு வீடு கட்டலாம் என்ற யோசனையை இப்போதே விடுங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக் கூடாது. சட்டம் கிடக்கட்டும், உங்கள் மேடு பக்கத்துக்காரனின் வயலில் தண்ணீரைத் தேக்கும். முதல் மாரியிலேயே பகை.

இப்போது அரிசி. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று தொடங்குகிறார்கள். எதற்கு? சோற்றை வயிறாரச் சாப்பிடுகிற ஒருவருக்கு வருடம் 110 கிலோ அரிசி என்று வையுங்கள். இருவருக்கு 220 கிலோ. குற்றினால் நெல்லில் நூற்றுக்கு 65 பங்குதான் அரிசியாக வரும், ஆகவே 340 கிலோ நெல். புசல் ஒன்று 20.9 கிலோப்படி 16 புசலும், விதைநெல்லுக்கு ஒன்றும். இரசாயனப் பசளை போடாத புது மண்ணில் ஏக்கருக்கு 40 புசல்தான் வரும் என்று குறைத்தே பிடித்தாலும் அரை ஏக்கர் காணும். அரை ஏக்கரை இரண்டு பேர் கையால் செய்யலாம். ஒரு ஏக்கருக்கு மேல் போனால் உழவு இயந்திரக்காரரும் வெட்டு மெசின்காரரும் நினைத்த நாளில்தான் உங்கள் வயல் நடக்கும்.

சேதனமாக, அதாவது இரசாயனம் இல்லாமல், செய்வதற்கும் இந்தக் கணக்குத்தான் உதவும். அரை ஏக்கரில் 20 புசல் எடுத்தால், நெல்லும் வைக்கோலுமாக அது மண்ணிலிருந்து ஏறக்குறைய 8 கிலோ நைதரசன் கொண்டு போகும். ஈரச் சாணத்தில் நூற்றுக்கு அரைப்பங்குதான் நைதரசன், ஆகவே ஒன்றரைத் தொன்னுக்கு மேல் சாணம் வேண்டும். இரவில் மட்டும் கட்டுகிற ஒரு நாட்டு மாடு நாலைந்து கிலோச் சாணம் போடும், வருடத்தில் ஒன்றரைத் தொன். மழையில் கரைந்து போவதைச் சேர்த்தால் இரண்டு மாடு. வேலியில் கிளிசரியா (சீமைக்கிளுவை) இருந்தால் விதைப்புக்கு இரண்டு கிழமைக்கு முன் இலையை வெட்டி உழவில் மிதித்துவிடலாம், குறையை அது நிரவும். ஒக்டோபர் முதல் மழையோடு அதன் ஐந்தடி நீளக் கதியால்களை இரண்டடிக்கு ஒன்றாக ஊன்றினால் அடுத்த வருடம் வெட்டுக்கு வந்துவிடும். ஜீவாமிர்தம் கரைத்து ஊற்றுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 10 கிலோச் சாணமும் கொஞ்சம் சர்க்கரையும் கரைத்த பீப்பாய்க்குள் 8 கிலோ நைதரசன் இருக்காது. சாணமும் தழையும் மண்ணுக்குப் போன பிறகு அது துணை, அவ்வளவுதான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்தார்களே, அந்த மாரிப்போகத்தில் நாடு முழுக்க விளைச்சல் விழுந்ததற்கும் இதுதான் காரணம். ஏக்கருக்கு ஏக்கர் தொன் கணக்கில் சாணமும் கூட்டெருவும் ஆறு மாதத்தில் எங்கிருந்து வரும்? அரை ஏக்கருக்குச் சரிவருகிற வழி ஆயிரம் ஏக்கருக்கு ஒரே இரவில் சரிவராது. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை, ஆகவே கமநல சேவை நிலையத்தில் நின்று "சேதனம்" என்று பேசத் தொடங்கினால் சிலர் முகம் திருப்புவார்கள். அதை உங்கள் மேல் உள்ள கோபம் என்று எடுக்காதீர்கள்.

பெரும்போக (மாரிப்போக) ஆரம்பக் கூட்டம் செப்டெம்பர், ஒக்டோபரில் குளத்துக்குக் குளம் நடக்கும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக. முதல் தண்ணீர் எப்போது திறப்பது, கடைசி விதைப்பு நாள் எது, எத்தனை மாத நெல், மாடுகளை எந்தத் தேதிக்குள் வெளியேற்றுவது, தண்ணீரை எப்போது நிறுத்துவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். அந்த முடிவு காணிக்காரர் எல்லோரையும் கட்டும். பாரம்பரிய நெல் என்று நாலரை மாத இனம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி விதைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வட்டை மூன்றரை மாத நெல்லுக்கு முடிவெடுத்திருக்கிறது. உங்கள் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் பூட்டப்படும். சுற்றி எல்லோரும் வெட்டிவிட, நின்ற பச்சை உங்களுடையது மட்டும் என்பதால் பூச்சியும் குருவியும் மயிலும் அங்கே வந்து சேரும். பிறகு மாட்டுப் பட்டிகள் திரும்பி வரும். மூன்றரை மாதத்தில் விளைகிற பச்சைப்பெருமாள் போன்றதைத் தேடுங்கள், அல்லது தண்ணீருக்குக் கிணறு கைவசம் இருக்கிற மேட்டுத் துண்டில் அந்த நீண்ட நெல்லைப் போடுங்கள்.

விதைநெல்லில் 100 மணி எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். நாலாம் நாள் 85 ஆவது முளைத்திருக்க வேண்டும். பன்றிநெல் கலக்காத விதையா என்று பாருங்கள். அது நெல்லைப் போலவே வளர்ந்து, நெல்லுக்கு முன்னமே பழுத்து, கை பட்டதும் கொட்டிவிடும். ஒரு தரம் கொட்டினால் வருடக்கணக்காக மண்ணில் கிடந்து முளைக்கும். விதையோடும் வரும், முந்திய வயலை வெட்டிவிட்டுக் கழுவாமல் இறங்குகிற வெட்டு மெசினோடும் வரும். பன்றிநெல்லைக் கொல்லுகிற மருந்து நெல்லையும் கொல்லும், ஆகவே கதிர் எட்டிப் பார்த்ததும் கையால் பிடுங்குவதுதான் வழி.

களைநாசினி இல்லாமல் செய்ய நினைத்தால் வீசி விதைக்காதீர்கள். வரிசையாக விதைத்தால்தான் சுழல் களைகட்டியை இடையில் உருட்டலாம். பலகை அடிக்கும்போது வயலின் ஒரு மூலைக்கும் மற்ற மூலைக்கும் இரண்டு விரற்கடைக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. மேட்டில் தண்ணீர் நிற்காது, கோரையும் நெற்சப்பியும் அங்கேதான் முதலில் முளைக்கும். பள்ளத்தில் முளை அழுகும். பயிர் எழும்பியதும் தண்ணீரை ஏற்றி இரண்டு அங்குலத்தில் பிடித்து வைத்தால் களையில் பாதி அடங்கும். மீதிக்கு ஏக்கருக்கு 15 ஆள்நாளுக்குக் குறையாது, அரை ஏக்கருக்கு உங்கள் இருவருக்கும் நாலு நாள் குனிந்த முதுகு. அதைப் பயிர் மூன்று கிழமையைத் தாண்ட முன் செய்ய வேண்டும். பிந்தினால் பிடுங்குகிற கையோடு நெல்லும் வரும்.

வயலைத் தெரியும்போது அது வாய்க்காலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வயல் விட்டு வயலுக்கு வக்கடை, அதாவது வரம்பில் வெட்டிய வாய், வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். உங்கள் வயல் கீழே இருந்தால் மேலே அடித்த களைநாசினியும் யூரியாவும் உங்களுக்கு இறங்கி வரும். நேரே வாய்க்காலிலிருந்து தனி வாய் உள்ள துண்டுதான் சேதனத்துக்குச் சரி. மறுபக்கமும் உண்டு. நீங்கள் மேல் வயலில் நெற்சப்பியைப் பழுக்க விட்டால் அதன் விதை மிதந்து கீழ் வயலுக்குப் போகும். கீழ் வயற்காரர் அடுத்த வருடமும் காசு கொடுத்து மருந்து அடிக்க வேண்டும். "நாங்கள் இயற்கையாகச் செய்கிறோம்" என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறவனும் கடைசியில் இருக்கிறவனும் ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் வேளாண்மை இல்லை. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். தண்ணீர் கடைசிக்கு வருவதே இல்லை என்று பெயர்பெற்ற இடம் அது. வயல் வாய்க்காலுக்கு ஒரு சிறு குழு என்று கூடி, துப்புரவாக்கி, முறை வைத்துத் திறந்தபோது கடைசி வயல்களுக்கும் தண்ணீர் போனது. உங்கள் வட்டையில் அந்த முறையைப் பார்க்கிறவர் வட்டவிதானை. அவருக்கு நீங்கள் யார் என்று தெரியாவிட்டால் உங்கள் முறை எது என்பதும் உங்களுக்குத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு முறை வந்தால் இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வரம்பில் நிற்க வேண்டும். விடிய வந்து "எனக்குத் தண்ணீர் வரவில்லை" என்பதில் பயனில்லை.

மாடு வளர்க்கப் போகிறவர்களுக்கு: மாரிப்போகம் தொடங்கினால் வயற்பக்கம் மாடு நிற்க முடியாது. பட்டிக்காரர் மேய்ச்சற்தரைக்குக் கொண்டு போவார்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரைப் பிரச்சினை ஏன் இத்தனை வருடமாக முடியாமல் கிடக்கிறது என்பது அப்போது விளங்கும், தரை சுருங்கினால் பட்டி எங்கே போகும்? இரண்டு மாட்டுக்காரர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆனால் ஒக்டோபரிலிருந்து மாசி வரைக்கும் கட்டி வைத்துப் புல் வெட்டிப் போட வேண்டும். மாடொன்றுக்கு நாளுக்கு 25 கிலோப் பச்சைப் புல். பங்குனியில் வெட்டு முடிய வைக்கோலைச் சும்மா எரிக்க விடாமல் கேட்டு வாங்கிப் போர் வையுங்கள். நாட்டு மாட்டில் ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர்ப் பால்தான், அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். சாணத்துக்குத்தான் மாடு, பால் கொசுறு.

வீடு. மண்வீடு இந்த மண்ணுக்கு நல்லது, கச்சானிலும் உள்ளே குளிரும். இடிகிற வீடுகள் இரண்டு காரணத்தால் இடிகின்றன: கீழே ஈரம், மேலே சாரல். 2011 ஜனவரி வெள்ளம் அந்த வளவில் எதுவரை ஏறியது என்று பக்கத்தில் கேளுங்கள், சுவரிலோ மரத்திலோ கையால் தொட்டுக் காட்டுவார்கள். அதற்கு மேல் ஓரடி உயர்த்திக் கல் அத்திவாரம். தாழ்வாரம் மூன்றடியாவது வெளியே நிற்க வேண்டும், மாரிச் சாரல் வடகிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கம் நாலடி. மண்ணை உருட்டி வைத்துக் கட்டும்போது ஒரு தரத்துக்கு ஒன்றரை அடிக்கு மேல் ஏற்றாமல் மூன்று நாலு நாள் காய விடுங்கள். வைகாசியில் தொடங்கினால் ஆவணியில் முடியும். செப்டெம்பரில் தொடங்குகிறவரின் சுவர் மழைக்கு முன் காயாது. மண் சரியா என்று பார்க்க, பிசைந்து விரல் மொத்தத்தில் திரியாக உருட்டி வளையுங்கள். உடனே முறிந்தால் களி காணாது. வளைந்து, ஆனால் காய்ந்தபின் பாளம் பாளமாக வெடித்தால் களி கூடிவிட்டது, மணலும் வெட்டிய வைக்கோலும் சேருங்கள். கிடுகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். குசினியை வீட்டின் கிழக்குப் பக்கம் தனியாக வையுங்கள். கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும்போது பொறி வீட்டுக் கூரைக்குப் போகாது. தென்னையை வீட்டுக்கு அருகில் நட வேண்டாம், 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் ஏன் என்று சொல்வார்கள்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவின் காட்டோரக் கிராமங்களில் யானை சுவரை உடைப்பது நெல்லுக்கும் உப்புக்கும். நெல் மூட்டையைப் படுக்கிற அறைக்குள் அடுக்குவதுதான் மிகக் கூடாத வேலை. வெட்டு முடிந்ததும் சாப்பாட்டுக்கு வேண்டியதைக் குற்றி வைத்துக்கொண்டு, மிச்ச நெல்லை ஊர் நடுவே உள்ள உறுதியான களஞ்சியத்தில் வையுங்கள். வீட்டுச் சுற்றில் வாழை, பலா, கரும்பு வேண்டாம். எள்ளு, மிளகாய், மஞ்சள், தேசிக்காயில் அதற்கு அவ்வளவு ஆசையில்லை, ஆனால் போகிற வழியில் மிதிக்கும். மின்வேலி அடிப்பது நொடிக்கு ஒரு துடிப்பாக. மாரியில் கம்பிக்குக் கீழே புல் வளர்ந்து தொட்டால் மின் மண்ணுக்குள் வடிந்துவிடும், யானை அதைத் தும்பிக்கையால் தடவியே அறிந்துகொள்ளும். கிழமைக்கு ஒரு தரம் வேலியடி வெட்டுகிற முறை ஊருக்கு ஊர் உண்டு, அதில் உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் வரும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது குற்றம். அதில் செத்தவர்கள் பெரும்பாலும் அந்த வழியால் போன அயலவர்கள். பொழுது பட்டபின் குளக்கட்டு வழியாக மோட்டார் சைக்கிளில் வராதீர்கள்.

பாம்புக்கு: தரையில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம், கட்டிலும் நன்றாகச் செருகிய நுளம்புவலையும். எண்ணெய் விரியன் இரவில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும், பல நேரம் கடித்த வலியே இருக்காது. வெட்டுக் காலத்தில் முத்திரைப் புடையன் வைக்கோலுக்குள் கிடக்கும், சப்பாத்து இல்லாமல் இறங்காதீர்கள். கடித்தால் கட்டவோ கீறவோ வேண்டாம், காலை அசைக்காமல் அரச ஆஸ்பத்திரிக்கு. விஷமுறிப்பு மருந்து அங்கேதான் இருக்கிறது. வயலில் இறங்க முன் எலிக்காய்ச்சலுக்கான மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், போகம் முடியும் வரைக்கும் கிழமைக்கு ஒரு தரம் கொடுப்பார்கள்.

காசு வேண்டும். பெற்றோல், கரண்ட், போன், பிள்ளையின் கொப்பி எதையும் நெல்லாகக் கொடுக்க முடியாது. அரை ஏக்கர் நெல் வீட்டுக்கு. விற்க வேண்டுமென்றால் மேட்டில் கச்சான், சோளன், உழுந்து என்று போடுங்கள். சோளனில் 2018 இல் அம்பாறைப் பக்கம் இறங்கிய படைப்புழு இன்னும் போகவில்லை. முதல் நாலு கிழமையும் காலையிலும் மாலையிலும் குருத்தைப் பிரித்துப் பார்த்து முட்டைக் குவியலை நசுக்க வேண்டும், ஒருநாள் விட்டால் குருத்துக்குள் போய்விடும். முதல் வருடத்தில் இவை எதிலும் வருமானம் என்று எழுதி வைக்காதீர்கள். கணினியில் செய்கிற வேலை ஏதும் இருந்தால் அதைப் பாதியாவது வைத்திருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரு போகம் வெள்ளத்தில் போனால் கடன்படாமல் அடுத்த போகம் விதைப்பவன் வெளியில் ஒரு வரும்படி உள்ளவன்தான்.

முதல் வருடம் எல்லோரும் உங்களைச் "சேர்", "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். வரம்பில் இருந்து ஒரே சட்டியில் சோறு தின்ற பிறகு "மனே" (மகனே) என்று வரும்.

முதல் தண்ணீர் திறக்க முன் வாய்க்கால் துப்புரவு நடக்கும். தேதியைக் கமக்காரர் அமைப்பின் தலைவரிடமோ வட்டவிதானையிடமோ கேட்டால் சொல்வார்கள். வலையிறவுப் பாலத்தாலோ மண்முனைப் பாலத்தாலோ பட்டிருப்புப் பாலத்தாலோ, எந்தப் பக்கம் வந்தாலும் காலை ஆறு மணிக்கு அங்கே நில்லுங்கள். காணி இல்லாதவருக்குப் பங்கு அளந்து கொடுக்க மாட்டார்கள், நீங்களாகக் கேட்டு ஒரு பத்துப் பாக நீளம் வாங்குங்கள். மண்வெட்டி கொண்டு வாருங்கள், புதுப் பிடி என்றால் முதல்நாளே தண்ணீரில் ஊற வைத்து இறுக்குங்கள். நீளக்கைச் சட்டை, தொப்பி, காலுக்கு உப்பும் தேங்காயெண்ணெயும், அட்டைக்கு. பத்து மணிக்குத் தேத்தண்ணீரும் மத்தியானச் சோறும் வாய்க்காலடியிலேயே வரும், அது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஆற்றுக்கு மேற்கே வேளாண்மை செய்யும் சிலர்